வலது சிறகில் ஒரு சிவப்புப் புள்ளி

மனித குலம் தோன்றிய நாள் முதலாக, இயற்கை தன் ரகசியத்தை ஒரு சிலருடைய காதில் மட்டுமே சொல்லியிருக்கிறது. அந்தச் சிலரை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒரு விரலை அத்தான் தனக்கென்று மடக்கி வைத்துக்கொண்டுவிட்டார் என்ற சேதி பல் டாக்டருக்கு வந்தபோது, அவளுடைய விரல்கள் இரண்டு ஒரு லாரி டிரைவரின் கடைவாயில் இருந்தன.

"புது இனமாம்டி," என்றாள் அக்கா, போனில். உதவிக்கு நிற்கும் பெண் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தூக்கிப் பிடித்திருந்தாள். "உங்க அத்தான் கண்டுபிடிச்சிருக்கார். நம்ம வீட்டுத் தோட்டத்துல."

"என்ன இனம்க்கா?"

"பட்டாம்பூச்சிதான். வேற எதை அவர் உத்துப் பார்க்கிறார், என்னையா?"

லாரி டிரைவர் திறந்த வாயோடு சிரிக்கப் பார்த்தார். பல் டாக்டர் கண்ணாலேயே அவரை அதட்டினாள்.

"பாக்க நம்ம வரியன் பூச்சி மாதிரியேதான் இருக்கு. ஆனா வலது பின்சிறகுல ரத்தச் சிவப்பா ஒரு புள்ளி. உலகத்துல எங்கயும் கிடையாதாம். ஞாயித்துக்கிழமை மன்றத்தைக் கூட்டி அறிவிக்கப் போறார். சனிக்கிழமையே வந்து சேர்."

பல் டாக்டரின் கை அப்படியே நின்றது. ஒரு வாய்க்குள் கையை வைத்துக்கொண்டு மறந்துபோய் நின்றது அவள் தொழிலில் அதுதான் முதல் தடவை. டிரைவர் "ஆ" என்று ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் மன்றத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீட்டுத்தோட்டப் பட்டாம்பூச்சிப் பதிவாளர் மன்றம் என்ற பெயரை ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர்கள்தான் அதில் பொறுப்புக்கு வர முடியும். இலையுதிர்காலத்தில் வடக்கே குளிர் தட்டியதும் வரியன்கள் கூட்டங்கூட்டமாகத் தெற்கே கிளம்பும். கறுத்த சிறகில் வெளிர்நீலக் கோடுகள் இழுத்த பூச்சிகள். உறுப்பினர்கள் அவரவர் தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணில் பட்டதை எண்ணி, எந்தத் திசையில் போயிற்று என்று எழுதி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்த அவ்வளவுக்கு ஒரு தலைவர், இரண்டு துணைத்தலைவர்கள், ஒரு செயலாளர், ஒரு கொடி. தலைவர் அத்தான்; தண்ணீர் இலாகாவில் தலைமைப் பொறியாளராக இருந்தவர். பொறியாளர் ஓய்வுபெற்றுவிட்டார், தலைமை ஓய்வுபெறவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த மன்றத்தில் பல் டாக்டர் எழுந்து ஒரு யோசனை சொன்னாள். "வடக்க நான் எண்றேன், தெற்க நீங்க எண்றீங்க. நான் பார்த்த பூச்சிதான் உங்ககிட்ட வருதுன்னு எப்படித் தெரியும்? சிறகுல ஒரு சின்ன அடையாளம் வச்சு விட்டுப் பார்ப்போமே."

அத்தான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "இது பதிவாளர் மன்றமா, அழகு நிலையமா?" என்றார். சபை கொல்லென்று சிரித்தது. யோசனை அங்கேயே உயிரை விட்டது.

பல் டாக்டர் ஊருக்குத் திரும்பி அதே வாரம் அடையாளம் வைக்கத் தொடங்கினாள். கிளினிக்கின் பின்புறம், கம்ப்ரஸர் உறுமும் தகரக் கொட்டகைக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு துண்டு நிலம் இருந்தது. அதில் மஞ்சளும் ஊதாவுமாகப் பூச்செடிகள். மரப்பு ஊசி போட்ட நோயாளியின் வாய் மரத்துப்போகக் காத்திருக்கும் நேரம்தான் அவளுடைய ஆராய்ச்சி நேரம். "அஞ்சு நிமிஷம், உதடு கனமாகும், பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு, வலையைத் தூக்கிக்கொண்டு பின்கதவு வழியே நழுவிவிடுவாள். பிடித்த பூச்சியின் நான்கு சிறகையும் சேர்த்து இரண்டு விரலுக்குள் வைத்து, பல் பூச்சுக்கு வைத்திருக்கும் மெல்லிய தூரிகையால் நகப்பூச்சைத் தொட்டு ஒரே ஒரு புள்ளி. விரலைத் திறந்தால் அது ஒரு கணம் யோசிக்கும். கையில் இருப்பது தெரியாத கனம். அதற்குள் மலையும் ஆறும் தாண்டிப் போகும் பிடிவாதம். ஒவ்வொரு தடவையும் அது மதிலைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நிற்பாள். உள்ளே போனதும் நோயாளியைப் பார்த்து, "மரத்துப் போச்சா?" என்று கேட்பாள்.

முதல் வருஷம் வெள்ளை. அடுத்த வருஷம் பச்சை. இந்த வருஷம் சிவப்பு. நூற்றுக்கணக்கில் அனுப்பியாயிற்று. மன்றத்துக்கு வரும் பதிவுகளில் யாராவது, எங்காவது, புள்ளி என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கிறார்களா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாள். ஒருவரும் எழுதவில்லை. அவள் அனுப்பியதெல்லாம் வானத்தில் கரைந்துபோன மாதிரி இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் ரயில் இறங்கி அவள் போனபோது அத்தான் வாசலிலேயே காத்திருந்தார். முகம், கழுத்து, கை எல்லாம் தடித்துத் தடித்துச் சிவந்திருந்தது.

"என்ன அத்தான், அம்மையா?"

"கொசு," என்றார் கம்பீரமாக. "வா டாக்டரம்மா. வரலாற்றைப் பார்க்க வா."

வரலாறு அவருடைய படுக்கையறையில் கொசுவலைக்குள் உட்கார்ந்திருந்தது. இருந்த ஒரே நல்ல வலையை அதற்குக் கொடுத்துவிட்டு மனிதர் வெறுந்தரையில் படுத்திருக்கிறார். வலைக்குள் பூந்தொட்டிகள், ஒரு தட்டில் சர்க்கரைத் தண்ணீர் நனைத்த பஞ்சு. வரியன் சிறகை மூடித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வலது பின்சிறகின் ஓரத்தில் சிவப்புப் புள்ளி.

பெற்ற பிள்ளையை ஊர்க்கூட்டத்தில் பார்த்த தாயைப்போல அவள் அந்தப் புள்ளியைத் தெரிந்துகொண்டாள். வந்திருக்கிறது. ஒன்றாவது வந்து சேர்ந்திருக்கிறது.

"இடது சிறகுல இல்ல பார்த்தியா?" என்றார் அத்தான். "அங்கதான் இருக்கு விஷயம். வலது பக்கம் அந்தப் புள்ளியோட எடை. அதனால பூச்சி ஒரு நூல் வலப்பக்கம் சாயுது. சாயறதை நிமிர்த்திக்கிட்டே போறதால திசை தப்பாம தெற்க போகுது. இத்தனை காலமா இது எப்படித் திசை கண்டுபிடிக்குதுன்னு உலகமே மண்டையை உடைச்சுக்கிட்டிருக்கு. நான் மூணே நாள்ல முடிச்சிட்டேன்."

"அதுக்கப்புறம் இதை என்ன பண்ணப் போறீங்க?"

அத்தானின் குரல் ஒரு படி இறங்கியது. "புது இனம்னு பதிவு பண்ணணும்னா மாதிரி வேணுமாம். ஊசியில குத்தி, பெட்டியில வச்சு அனுப்பணும். கூட்டம் முடிஞ்சதும் செஞ்சாகணும்." சொல்லிவிட்டு வலையின் ஓரத்தைத் தேவையில்லாமல் இழுத்துச் சரிசெய்தார்.

பிறகு மேசை விளக்கைப் போட்டு, தாம் வரைந்த படத்தை எடுத்துக் காட்டினார். பல் டாக்டர் அதை ஒரு வாய்ப்பேச்சு மனிதரின் கிறுக்கலாகத்தான் எதிர்பார்த்தாள். ஆனால் அத்தான் பொறியாளராவதற்கு முன்னால் வரைவாளராக இருந்தவர். ஒவ்வொரு கோடும் அதன் தடிமனோடு, ஒவ்வொரு நரம்பும் அது வளையும் இடத்தில் வளைந்து, சிறகின் நுனியில் உதிர்ந்த செதில்கூட உதிர்ந்தபடியே இருந்தது. சிவப்புப் புள்ளியைத் தனியே பெரிதாக்கி வரைந்திருந்தார். அது வட்டம் இல்லை. இடது ஓரத்தில் ஒரு சின்ன வால், கமாவைப்போல. இடது கையால் புள்ளி வைத்து, தூரிகையை வெடுக்கென்று எடுக்கும் ஒருத்தியின் வால்.

தன் சித்தாந்தத்துக்கு உதவாத அந்த வாலை அவர் அழகாக விட்டுவிட்டிருக்கலாம். விடவில்லை. வாய் எத்தனை புளுகினாலும் இந்த மனிதருடைய கண்ணுக்கும் கைக்கும் புளுகத் தெரியாது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அதுவே அவளை வதைத்தது. சொன்னால் கிழவரின் தலைமை ஒரே நாளில் உதிர்ந்துவிடும். சொல்லாவிட்டால் மூன்று வருஷத்துக்குக் கிடைத்த ஒரே சாட்சி ஊசியில் ஏறும்.

சமையலறையில் அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தப் புள்ளி..."

"நான் உனக்கு வாங்கிக் குடுத்த நகப்பூச்சு. தெரியாதா எனக்கு? அதே கலர் என் கால்லயும் இருக்கு பார்."

"தெரிஞ்சுமா அவர்கிட்ட சொல்லல?"

"அந்த மனுஷன் ரிட்டயர் ஆனதிலேர்ந்து பால்காரன்கிட்ட, பேப்பர்காரன்கிட்ட, என்கிட்ட குத்தம் கண்டுபிடிச்சிட்டிருந்தார். இந்த மூணு நாளா ஒரு வார்த்தை கடிஞ்சு பேசல. அந்தப் பூச்சிகிட்ட குசுகுசுன்னு கொஞ்சறார்டி. என் வாயால எப்படிச் சொல்றது? அதான் உன்னைக் கூப்பிட்டேன். வலிக்காம பிடுங்கறதுதானே உன் தொழில்."

"மரப்பு ஊசி போட்டுத்தான்க்கா பிடுங்குவேன்."

"இவருக்கு அதெல்லாம் ஏறாது. நேராவே பிடுங்கு."

ஞாயிறு காலை, வாடகை நாற்காலிகள் வந்து இறங்கும்முன் அவள் அத்தானைத் தோட்டத்து மூலைக்குக் கூப்பிட்டாள். நோயாளியிடம் பேசும் குரலில், சுருக்கமாகச் சொன்னாள். அத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டார்.

"உன் புள்ளின்னு என்ன ஆதாரம்?"

"நீங்க வரைஞ்ச படம்தான் அத்தான்."

கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, ஒரு தாளில் இடது கையால் வரிசையாகப் புள்ளிகள் வைத்தாள். ஒவ்வொன்றிலும் வால். அத்தான் பூதக்கண்ணாடியால் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தமது படத்தை அருகில் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வேறொருவர் வரைந்த படமாக இருந்தால் தப்பு என்று சொல்லித் தப்பித்திருப்பார்.

"அப்ப என் எடைச் சித்தாந்தம்?"

"அதுல முழுசாத் தப்பில்ல. நகப்பூச்சுக்கும் எடை உண்டு."

அத்தான் சிரிக்கவில்லை. உள்ளே போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. நாற்காலிகள் வந்தன. உறுப்பினர்கள் வந்தார்கள். மன்றச் செயலாளரான மருந்துக்கடைக்காரர், 'புதிய இனம் கண்ட எங்கள் தலைவர்' என்று எழுதிய பேனரை மதிலில் கட்டினார். அக்கா சத்தமில்லாமல் அதன்மேல் ஈரப் போர்வை ஒன்றை உலர்த்தினாள்.

"மேடம், அது பேனர்," என்றார் செயலாளர் பதறி.

"அங்கதான் நல்லா வெயில் விழுது தம்பி," என்றாள் அக்கா.

அத்தான் கோட்டு போட்டுக்கொண்டு வெளியே வந்தார். கையில், வரியனை மாற்றி வைத்த வலைக்கூண்டு. பல் டாக்டர் முன்வரிசையில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மனித குலம் தோன்றிய நாள் முதலாக," என்று அவர் தொடங்கினார். "இயற்கை தன் ரகசியத்தை ஒரு சிலருடைய காதில் மட்டுமே சொல்லியிருக்கிறது. அந்தச் சிலரில் நான் இல்லை."

செயலாளர் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தச் சிவப்புப் புள்ளியை இயற்கை வைக்கவில்லை. என் மைத்துனி வைத்தாள். கூடாது என்று தலைவர் சொன்ன பிறகும், பல் பிடுங்குகிற நேரம் போக மீதி நேரத்தில் வைத்தாள். ரயிலுக்கே அரைநாள் பிடிக்கிற தூரத்தை இந்தத் துக்கடா உயிர் டிக்கெட் இல்லாமல் கடந்து, என் செடியில் வந்து உட்கார்ந்தது. நான் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. அவள் அனுப்பியதை வாங்கி வைத்தேன். அழகு நிலையம் என்று அன்றைக்குச் சொன்ன வார்த்தையை மன்றத்தின் பதிவிலிருந்து அடித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்."

யாரோ கைதட்ட, எல்லாரும் கைதட்டினார்கள். பின்வரிசைக் கிழவர் ஒருவர், "அப்ப டிபன் உண்டா இல்லையா?" என்று கேட்டார். பல் டாக்டருக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. தோற்றுப்போவதைக்கூட இந்த மனிதர் எத்தனை ஜபர்தஸ்தாகச் செய்கிறார் என்று நினைத்தாள். சிரிப்பும் வந்தது.

"இப்போது," என்றார் அத்தான், கோட்டுப் பையிலிருந்து திசைகாட்டியை எடுத்தபடி, "இந்தப் பயணி தன் தெற்கு நோக்கிய பயணத்தைத் தொடர்வதை நாம் எல்லாரும் கண்ணாரக் காண்போம். அதற்காகத்தான் நாற்காலிகளைத் தெற்கு பார்த்துப் போடச் சொல்லியிருந்தேன்."

கூண்டைத் திறந்தார். வரியன் அவருடைய தடித்த கட்டைவிரலில் ஏறி நின்றது. ஒரு கணம் யோசித்தது. சிறகை விரித்தபோது வெளிர்நீலக் கோடுகள் வெயிலில் கண்ணாடியைப்போல மின்னின. மன்றத்தில் அத்தனை வருஷம் எண்ணிச் சலித்தவர்கள் முதல் தடவை பார்ப்பவர்களைப்போல வாயைத் திறந்தார்கள். பல் டாக்டர் தொழில் மறந்து அவர்களுடைய பல்லைப் பார்க்காமல் பூச்சியையே பார்த்தாள். அது எழும்பி, அத்தானின் தலையை ஒரு சுற்றுச் சுற்றி, முன்வரிசை, பின்வரிசை எல்லாவற்றுக்கும் மேலாகப் போயிற்று. மன்றம் முழுவதும் நாற்காலியோடு திரும்ப வேண்டியிருந்தது. மதிலைத் தாண்டி, போர்வையையும் தாண்டி, நிதானமாக மறைந்தது.

செயலாளர் தொண்டையைச் செருமினார். "தலைவரே, திசை என்னன்னு எழுதறது?"

அத்தான் திசைகாட்டியைப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"பார்த்ததை எழுதுங்க," என்றார்.

தெற்கு நோக்கிய இடப்பெயர்ச்சி பற்றிய அந்த வருஷத்துப் பதிவில், அடையாளமிட்ட ஒரே பட்டாம்பூச்சி பறந்த திசை வடக்கு.