சிரட்டைத் தணல்

கண்ணாடிக்குள் மரம் நிற்கிறது, ஒவ்வொரு சுள்ளிக்கும் தனித்தனியாக வார்த்த கண்ணாடி, காற்று தொடும்போது முழு மரமும் மெல்லக் கிலுங்குகிறது, யன்னலில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், யன்னலின் வெளிப்புறத்திலும் பனிக்கட்டி படர்ந்திருப்பதால் மரம் கொஞ்சம் கரைந்து, கொஞ்சம் இரண்டாகி, தண்ணீருக்கடியில் நிற்பதுபோல் தெரிகிறது, மழையாகப் பெய்ததுதான், விழுந்த இடத்திலேயே இறுகிவிட்டது, மொன்றியலில் பாதிக்கு மின்சாரம் இல்லை, கம்பிகள் பாரம் தாங்காமல் அறுந்து கிடக்கின்றன என்று அத்தான் தொலைபேசியில் சொன்னார், பிறகு அவருடைய தொலைபேசியும் ஓய்ந்துவிட்டது, தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவர், வீதிகளை மூடிவிட்டதால் அங்கேயே நிற்கிறார், இங்கே அக்கா, அக்கா பெற்று இன்னும் மாதம் ஆகாத குழந்தை, அத்தானின் தாய் இராசமலர் மாமி, நான், இவ்வளவு பேரும் ஒரே அறைக்குள், வீட்டின் ஹீட்டர்கள் எல்லாம் செத்து, சுவர்கள் தொட்டால் கையைக் கடிக்கின்றன.

எங்கோ ஒரு கொப்பு முறிகிறது, அந்தச் சத்தம் துவக்கு வெடிக்கும் சத்தம், வேறெதுவும் இல்லை, மாமி குழந்தையை இழுத்து மார்போடு அணைத்துக் கட்டிலின் கீழ் பாதி உடம்பை நுழைத்துவிட்டார், பிறகு வெட்கத்தோடு வெளியே வந்து, மரம்தானே, நான் வேறை என்னவோ எண்டு நினைச்சிட்டன் என்று சிரித்தார், நானும் குனிந்திருந்தேன், அதை அவர் பார்க்கவில்லை. கனடா கனடா எண்டு குதிச்சனியள், கரண்ட் நிண்டா வன்னியும் இதுவும் ஒண்டுதான், அங்கை குளிராவது இல்லை என்றார், அக்கா கட்டிலில் கிடந்தபடி, மாமி, உங்களுக்கு உள்ளுக்கை சந்தோசம், புளுகம்தானே என்றாள், புளுகம் இல்லாமலோ, இனியாவது என்ரை சாமான்ரை அருமை தெரியட்டும் என்று மாமி தன் பெட்டியைத் திறந்தார்.

சாமான் என்பது தேங்காய்ச் சிரட்டைக்கரி, பிள்ளைப்பேறு பார்க்க ஊரிலிருந்து வரும்போது புடவைகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தது, விமான நிலையத்தில் அதிகாரி ஒருவன் பொதியைப் பிரித்து மோந்து பார்த்ததையும், கடைசியில் ஒன்றைத் தும்முமட்டும் மோந்துவிட்டுத் திருப்பித் தந்ததையும் மாமி வருகிறவர்களுக்கெல்லாம் நடித்துக் காட்டுவார், குழந்தையைக் குளிப்பாட்டியதும் தணலில் சாம்பிராணி தூவிப் புகையில் பிடிப்பார், உடனே கூரையிலிருந்த அலாரம் அலறும், பிள்ளையின்ரை தலை காயவைக்கிற புகைக்கு இந்த வீடு ஏன் இப்படிக் குழறுது என்று மாமி ஏச, அத்தான் நாற்காலியில் ஏறி அதைக் கழற்றித் துவாயில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டார், வீடு அதன் பிறகு வாய் திறக்கவில்லை.

பல்கனியில் கற்பூரம் வைத்துக் கரியைப் பிடிக்கச்செய்து, கனன்று சிவந்ததும் இரும்புத் தாச்சியில் அள்ளிக்கொண்டு மாமி அறைக்குள் வந்தார், கதவின் கீழ்ச் சந்தில் சேலை செருகி, யன்னல் ஓரங்களில் போர்வை அடைத்தாயிற்று, பச்சை உடம்புக்காரிக்குக் காற்றுப் படக்கூடாது, அறை மெல்லமெல்லச் சிவப்பாகி, விரல்களுக்கு உயிர் வந்தது, அக்கா பெருமூச்சு விட்டாள். நான் வாயைத் திறந்தேன், எனக்கு வாயைத் திறப்பது எப்போதும் ஒரு பெரிய வேலை, கரி எரிஞ்சா மாமி, மணமில்லாத ஒண்டு வரும், அது கூடாது என்றேன், சிரட்டைக்கரி புகையாது பிள்ளை, அதுதானே அதின்ரை திறம் என்றார் மாமி, பிறகு கனிவாக, பங்கருக்கை இருந்தனீதானே, விளக்கைப் பார், விளக்கு நிண்டு எரிஞ்சா காத்து நல்ல காத்து, உனக்குத் தெரியாததே.

தெரியும், அதைவிட நன்றாக எனக்கு எதுவும் தெரியாது, மண்ணை வெட்டிப் பனங்குற்றி அடுக்கிய பதுங்குகுழி, மேலே செல் குண்டு விழ விழ மண் கழுத்துக்குள் கொட்டும், அப்பா குப்பி விளக்கைப் படியில் வைத்து உள்ளங்கையால் மறைத்தபடி அந்தச் சுடரை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பார், சுடர் சுருங்கினால் எங்களை ஒவ்வொருவராகப் பிடரியில் பிடித்து வெளியே தள்ளுவார், மூச்சு வாங்கிவிட்டு மறுபடி உள்ளே, அந்த விளக்குதான் எங்களை உயிரோடு வைத்திருந்தது, ஒருநாள் சுடர் நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போதே தண்ணீர் எடுக்கவென்று அப்பா தானாக வெளியே போனார், திரும்பி வரவில்லை. இங்கே மெழுகுதிரி நேராக எரிகிறது, ஆடவில்லை, சுருங்கவில்லை, நான் நிம்மதியாகச் சுவரில் சாய்ந்தேன்.

மாமி சின்ன இரும்பு உரலில் அக்காவுக்குச் சரக்கு இடிக்கிறார், மல்லி, மிளகு, மஞ்சள், டக் டக் என்று அது தூரத்தில் கேட்கிறது, பிறகு மிகத் தூரத்தில், அக்கா தலையிடிக்குது என்றாள், குளிர் உள்ளுக்கை இறங்கினதாக்கும், கண்ணை மூடிப் படு அம்மா என்றார் மாமி, வெளியே மத்தியானமா பின்னேரமா தெரியாத ஒரு சாம்பல் வெளிச்சம், சுவரைத் தொட்டேன், மண் உதிர்ந்தது, ஈரமண், இதில் வியக்க ஒன்றுமில்லை, பனங்குற்றியின் மணமும் வந்தது, கதவடியில் அப்பா இருக்கிறார், தலைமயிர் நனைந்து காதோரம் சொட்டுகிறது, எப்போது வந்தார் என்று யாரும் கேட்கவில்லை, அவருக்கு இடம் விட்டு மாமி காலை மடக்கிக்கொண்டார், உரல் ஓய்ந்தது, மாமி குனிந்து குழந்தையைப் பார்த்து, பாரன், பிள்ளை நிறம் வைக்குது, சிவந்த ஜம்புப் பழம் மாதிரி என்றார், அந்தச் சொல்லின் நடுவிலேயே அவருடைய தலை சரிந்தது.

அப்பா விளக்கைப் பார்க்கவில்லை என்பதைத்தான் நான் முதலில் கண்டேன், எப்போதும் விளக்கையே பார்க்கிறவர், குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், நானும் பார்த்தேன், சிவந்த கன்னம், சிவந்த உதடு, அக்காவின் உதடும் அப்படியே, அவள் இவ்வளவு அழகாக இருந்ததேயில்லை, பதுங்குகுழியின் மூலையிலிருந்து எங்கள் கல்லூரி இரசாயனவியல் விரிவுரையாளர் பேசத் தொடங்கினார், அவர் இங்கே எப்படி வந்தார், கரி எரிந்து வரும் அந்த வாயுவை இரத்தம் விடாது, பற்றிக்கொண்டு சிவக்கும், மூச்சு நின்றவர்களும் நல்ல சுகத்தோடு தூங்குவதுபோல இருப்பார்கள், எழுதிக்கொள்ளுங்கள் என்றார், நான் எழுதிக்கொண்டேன், எழுதும்போது விளங்கியது, நெருப்புக்கு அது தெரியாது, விளக்கு நின்று எரியும், விளக்குக்கு இரத்தம் இல்லை.

அக்கா என்றேன், அக்கா எழும்பவில்லை, என் கால்கள் மணலாக இருந்தன, முழங்காலில் ஊர்ந்தேன், மாமியின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது, கண் திறக்காமலே, திறக்காதை பிள்ளை, வெளியிலை அடிக்கிறாங்கள் என்றார், அடிக்கிறார்கள்தான், வரிசையாக, ஒன்றுக்குப் பின் ஒன்றாக, தெருவின் மரமெல்லாம் விழுந்துகொண்டிருந்தது, அல்லது செல், எனக்கும் அது செல்தான், வெளியே போகிறவர் திரும்புவதில்லை என்று எனக்குத் தெரியும், அப்பா, நீங்கள் போய்த் திரும்பி வரேல்லையே என்று சொன்னேன், வாழ்க்கையில் நான் சத்தமாகச் சொன்ன ஒரே வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும், அவர் நனைந்த கால்களை மெதுவாக மடக்கி எனக்கு வழிவிட்டார்.

கதவுவரை போக முடியவில்லை, யன்னல்தான் கிட்ட இருந்தது, உரலுக்குள் கிடந்த உலக்கையை எடுத்துப் போர்வையோடு சேர்த்து அடித்தேன், கண்ணாடி உடைந்தது, அதற்குப் பின்னால் இன்னொரு கண்ணாடி, பனிக்கட்டி, அது உடையவில்லை, அடித்தேன், மஞ்சள் தூள் பறந்தது, அடித்தேன், பிறகு குளிர் ஒரு மிருகம்போல உள்ளே பாய்ந்தது, மெழுகுதிரி அணைந்தது, நல்ல காற்று வந்ததும் விளக்கு அணைந்ததை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது, குழந்தையைத் தூக்கி அந்த ஓட்டைக்கு நேரே பிடித்தேன், மழை அவள் முகத்தில் விழுந்து வழிந்தது, அவள் அழவில்லை, அழவில்லை, பிறகு பூனை தும்முவதுபோல ஒன்று.

அக்கா வேறு மாதிரிச் சொல்கிறாள், நீ உடைக்கேல்லையடி, வீதி திறந்த உடனை அத்தான் தீயணைப்புக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து வெளியிலையிருந்து உடைச்சது, நீ உலக்கையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கிடந்தனி, அத்தானிடம் கேட்டால், யன்னல் முதலே உடைஞ்சிருந்ததோ என்னவோ, நான் உங்கடை முகங்களைத்தானே பார்த்தன் என்கிறார், மாமி ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்து தேறி, விசா முடிந்து ஊருக்குப் போய்விட்டார், தொலைபேசியில் ஒவ்வொரு முறையும், நீதான் பிள்ளை, எங்கள் எல்லாரையும் வெளியாலை எடுத்தனீ என்கிறார், அவருக்கு அப்போது நினைவே இருக்கவில்லை, எப்படித் தெரியும் என்று நான் கேட்பதில்லை. எல்லோரும் பிழைத்தோம், அப்படித்தான் நடந்தது, ஆனால் அந்த அறையின் சூடு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும், வேண்டியதையெல்லாம் அது காட்டும், அப்பாவைக் காட்டியது, விரிவுரையாளரைக் காட்டியது, உடைந்த யன்னலைக் காட்டுவதா அதற்குக் கஷ்டம், பள்ளிக்கூடம் போகும் ஒரு குழந்தையைக் காட்டுவதா, அவள் பல் விழுந்து சிரிப்பதைக் காட்டுவதா.

அதனால் பனிக்காலத்தில் நான் யன்னலைத் திறந்துவிடுகிறேன், வீடு முழுக்க ஏசும், உனக்கு என்ன விசரோ என்பாள் அக்கா, அன்றைய குழந்தை ஆரணி ஓடிவந்து தோளைச் சுருக்கி, சித்தி, குளிருது என்பாள், அந்தச் சொல்லுக்காகத்தான், தூங்குகிறவர்களுக்குக் குளிராது, அவள் சொன்னதும் மூடிவிடுவேன். இன்றும் அதே மழை, விழுந்த இடத்தில் இறுகுகிறது, ஹீட்டர் மெல்ல முனகுகிறது, ஆரணி எனக்குப் பின்னால் நிலத்தில் படுத்துப் படம் கீறிக்கொண்டிருக்கிறாள், கன்னம் சிவந்திருக்கிறது, நான் யன்னலை முழுதாகத் திறந்துவிட்டேன், இப்போது மரத்துக்கும் எனக்கும் நடுவில் ஒன்றும் இல்லை, ஒவ்வொரு சுள்ளியும் தெளிவாக, கையெட்டும் தூரத்தில் கிலுங்குகிறது, காற்று என் கழுத்தைத் தாண்டி அறைக்குள் போகிறது, நான் திரும்பிப் பார்க்காமல் நிற்கிறேன், காத்திருக்கிறேன், அவள் இன்னும் சொல்லவில்லை.