விசாரணைக்கு ஓர் அறை

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது. கல்லூரி ஆண்டு மலருக்கு, மாணவிகளின் பாதுகாப்பு பற்றி ஒரு கதை வேண்டும் என்றார் முதல்வர்.

"நம்பிக்கையா முடிங்க மேடம். நிர்வாகத்த மட்டும் உள்ள இழுக்காதீங்க."

கல்யாணத்தைப் பற்றி எழுது, மாப்பிள்ளையை விட்டுவிடு என்கிற மாதிரி. சரி என்று சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

2

"அன்று மழை பெய்துகொண்டிருந்தது. அவள் கண்களில்..."

(வேண்டாம். மழை என்ன செய்தது, பாவம்.)

"அவள் ஒன்றும் அறியாத அப்பாவி..."

(அறிந்தவளாக இருந்தால் பரவாயில்லையா? இதையும் அடித்தாயிற்று.)

இது நிற்கட்டும்: அவள் வேதியியல் இரண்டாமாண்டு மாணவி. சரியான வாயாடி. எல்லோரும் போனபிறகு பேராசிரியர் ஆய்வகக் கதவைச் சாத்தி அவளிடம் தவறாக நடந்து...

(பஸ்ஸில் அடுத்தவர் காலை மிதிப்பவனும் தவறாகத்தான் நடக்கிறான்.) பாலியல் வன்முறை செய்தார். அவள் புகார் கொடுத்தாள்.

3

பேராசிரியரை வில்லனாக எழுத வரவில்லை. மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் தங்கக் கம்பி. இல்லாத பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கித் தருவார். உங்களுக்குக் குழப்பமாக இருக்கலாம். அவளுக்கு இல்லை.

அவளுடைய அம்மா போனில் அழுதாள்.

"விட்டுரும்மா. பேர் கெட்டுப்போயிரும்."

"யாரு பேரும்மா?"

அம்மா போனை வைத்துவிட்டாள்.

4

விசாரணைக் குழுவில் மூன்று பேர்: துறைத் தலைவி, ஒரு வக்கீல், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர். அவர்கள் வரச்சொன்ன இடத்துக்குப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உள்ள வாம்மா," என்றார் தலைவி.

"மேடம், இந்த லேப்லதான் நடந்துச்சு."

"தெரியும்மா. ஹால்ல பெண்கள் பாதுகாப்புக் கருத்தரங்கு நடக்குது. வேற ரூம் காலி இல்ல. கொஞ்ச நேரம் பல்லக் கடிச்சுக்கோ."

"உள்ள வரலன்னா ஆஜராகலன்னு எழுதணும்," என்றார் வக்கீல். "புகார் அதோட முடிஞ்சிரும்."

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இந்த இடம் என் கற்பனை. இதைப் படித்த என் தோழி பதறினாள். "எங்க காலேஜ்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருமேடி!" அவள் படித்த கல்லூரியை நான் பார்த்ததுகூட இல்லை.)

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போகிறாள், தங்கக் கம்பிக்கு வேலை போகிறது. முதல்வருக்குப் பிடிக்கும். எனக்கே நம்பிக்கை இல்லை. இன்னொன்றில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறுகிறாள், படிப்பு...

(முடிக்க மனம் வரவில்லை.)

அவளை உள்ளே தள்ள மாட்டேன். ஆளாளுக்குத் தள்ளியது போதும்.

அவள் வாசலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் ஆஜராயிட்டேன். இங்கேருந்துதான் சொல்லுவேன். கேக்கணும்னா நீங்க வெளிய வாங்க."

"மெதுவாம்மா. கருத்தரங்குக்கு வந்தவங்க காதுல விழும்."

"விழட்டும் மேடம்."

சொல்ல ஆரம்பித்தாள். என்ன சொன்னாள் என்று நான் எழுதப்போவதில்லை. அது உங்கள் வேடிக்கைக்கு இல்லை.

வக்கீல் பேனாவைத் திறந்துவிட்டார். மூன்று பேரும் எழுந்து வருவார்களா, உட்கார்ந்தபடியே 'ஆஜராகவில்லை' என்று எழுதுவார்களா? என்னைக் கேட்காதீர்கள். அந்த மூன்று பேரும் உங்களுக்குத் தெரிந்தவர்கள்தான். நீங்களே போய்க் கேளுங்கள்.