பெருமாள் நாலு முறை சொன்னது

1

இந்தக் கதை ஓர் எரிச்சலில் பிறந்தது. தங்கச் சுரங்க ஊரான தங்கவயலில் பேசும் தமிழ் வெறும் கலப்படம் என்று ஒரு நண்பர் மூக்கைச் சுளித்தார். பதில் கதையாகவே வரட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

'பொன் விளையும் பூமியில் அன்று கருமேகங்கள்...' (வேண்டாம். அடித்துவிட்டேன், நீங்களும் மறந்துவிடுங்கள்.)

2

1897. ஏனோக், மிஷன் பள்ளியில் படித்தவன், சுரங்க ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர். (சுரங்கம் என் கற்பனை, தேடிப் போகாதீர்கள்.) பூமிக்கடியில் பத்தாவது லெவலில் பாறை சரிந்து சுரங்கக் கூலி பெருமாள் செத்துப்போனான். சொல்லாமல் கொள்ளாமல் அவனாகவே உள்ளே போனான் என்கிறார் உள்ளே வேலை வாங்கும் வெள்ளைக்காரர், கேப்டன் டக்ளஸ். அது நிலைத்துவிட்டால் பெருமாளின் மனைவி ரத்தினம்மா கம்பெனி கொடுத்த ஊரிகம் லைன் வீட்டைக் காலி செய்யவேண்டும். கூட இருந்த ஒரே சாட்சி சம்பங்கி. அவன் சொன்னதை ஏனோக் எழுதி, கைநாட்டு வாங்கி, இங்கிலீஷில் மாற்றி விசாரணைத் துரையிடம் தரவேண்டும்.

3

ஏனோக் எழுதியதை வாசித்துக் காட்டினான்: 'பெருமாள் உட்செல்ல மறுத்தார், கேப்டன் வற்புறுத்தினார்.' அந்த நடையில் அவனுக்குப் பெருமைதான். சம்பங்கி கைநாட்டு வைக்காமல் விரலை மடக்கிக்கொண்டான்.

"நாலு தபா சொன்னான், ரைட்டரே. வாணாம்னான். வத்துன்னான். பேடான்னான். நோன்னான். எதுனா ஒண்ணு தொரைக்குப் புரியட்டும்னுதான். நீங்க இன்னா, ஒரு தபாதான் எழுதிகிறீங்க?"

ஏனோக்குக்கு வெட்கமாகிவிட்டது. எனக்கும்தான், கதையின் முதல் வரைவில் நானும் 'மறுத்தார்' என்றே எழுதியிருந்தேன்.

(வேலூர்ப் பக்கமிருந்து வந்தபோது பெருமாளிடம் இருந்தது ஒரே 'வாணாம்'. கூட வேலை செய்த தெலுங்கரிடம் ஒன்று, பால்காரக் கன்னடத்தியிடம் ஒன்று, கேப்டன்களிடம் ஒன்று என்று மற்ற மூன்றும் ஆறு வருஷத்தில் சேர்ந்தவை. பேச்சு இப்படித்தான் வளர்கிறது. நண்பர் கவனிக்க.)

4

ஏனோக் 'மறுத்தார்' என்பதை அடித்துவிட்டு நாலையும் எழுதினான். சம்பங்கி கைநாட்டு வைத்தான். அடுத்து இங்கிலீஷ் காகிதம். அதில் நாலுமே 'நோ'தான். வரிசையாக நாலு 'நோ'வைப் பார்த்தால் பயந்தாங்கொள்ளியின் உளறலாக இருந்தது. ஆகவே ஏனோக்... (இங்கேதான் என் பேனா நின்றுவிட்டது.)

முடிவு ஒன்று: துரை படித்துவிட்டு மனமிரங்கி... (எனக்கே நம்பிக்கையில்லை.)

முடிவு இரண்டு: ரத்தினம்மா சட்டிபானையோடு ஊர் திரும்ப பங்காருபேட்டை ரயிலுக்கு... (எழுதமாட்டேன்.)

5

ஒன்று மட்டும் உறுதியாகத் தெரியும். பெருமாள் கடைசியாகச் சொன்னது கேப்டனின் தாய்மொழியில். அவருக்குப் புரிந்துதான் இருந்தது.

ஐந்தாவது சொல்லை நீங்கள் எழுதுங்கள். எந்த மொழியானாலும் சரி, கேப்டன் காதில் விழவேண்டும்.