உருளைக்கிழங்குத் திருட்டு

பன்னீர்செல்வத்தின் சிறுநீரகங்கள் இரண்டும் ஏறக்குறையக் கைவிட்டுவிட்டன. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டோடு மல்லுக்கட்டி ரிட்டயரானவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்து பக்கத்து ஊரான வடக்குத்தில் வீடு கட்டிக் குடிவந்த கையோடு இந்தச் சேதியும் வந்தது. டயாலிசிஸைத் தள்ளிப்போட வேண்டுமானால் வாயைக் கட்ட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

அங்கே உணவு ஆலோசனை சொல்பவள் இசைப்பிரியா என்கிற சின்னப் பெண். உப்பு, ஊறுகாய், கருவாடு, இளநீர், வாழைப்பழம் எதுவும் கூடாது, பருப்பும் கறியும் கொஞ்சம்தான் என்றாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தவர், உருளைக்கிழங்கு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றி இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும் என்று விளக்கினாள்.

அன்றிலிருந்து அவர் மனைவி கலியம்மாள் இரண்டு சமையல் செய்தாள். அவருக்குச் சுரைக்காய். காலை ஷிப்டுக்குப் போகும் மகன் சுபாஷுக்கு வழக்கம்போல உருளைக்கிழங்கு வறுவல்.

பன்னீர்செல்வம் முகம் சுளிக்காமல் சுரைக்காயைச் சாப்பிட்டார். மனுஷன் திருந்திவிட்டார் என்று அவள் பூரித்துப்போனாள். ஒருநாள் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தபோது அவர் மீசையில் ஒரு கடுகு ஒட்டியிருந்தது. சுரைக்காய்க்கு அவள் கடுகு தாளிக்கவில்லை.

சண்டை போட்டால் வடலூர் பஸ் ஏறி ஓட்டலுக்குப் போய்விடுவார் என்று அவளுக்குத் தெரியும். அவர் டீக்கடைக்குப் போன நேரத்தில் இசைப்பிரியாவுக்குப் போன் செய்தாள்.

கிழங்கைத் தோல் சீவி, மெலிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் ஊறப்போட்டு வடித்து, வேறு தண்ணீரில் வேகவைத்து அதையும் கொட்டிவிட்டால் பொட்டாசியம் பெருமளவு இறங்கிவிடும் என்றாள் இசைப்பிரியா. “ஆனா கொஞ்சமாத்தான்மா. எவ்ளோ திருடலாம்னு நீங்கதான் அளந்து வைக்கணும்.”

அதன்பின் சுபாஷின் டப்பாவில் அசல் வறுவல் போனது. சட்டியில் இருந்தது இரண்டு முறை வடித்தது. பூண்டும் மிளகாய்த்தூளும் தூக்கலாகப் போட்டு, உப்பைக் கிள்ளிப் போட்டு வைத்துவிட்டு, அவள் நிதானமாக மாடியேறினாள்.

அடுத்த பரிசோதனையில் பொட்டாசியம் இறங்கியிருந்தது. கலியம்மாள் மாத்திரை வாங்கப் போன சமயம் பார்த்துப் பன்னீர்செல்வம் இசைப்பிரியாவின் மேஜைமேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

“பாப்பா, உன்கிட்ட மட்டும் சொல்றேன். நான் உருளைக்கெழங்கைத் திருடித் தின்னுகினுதான் இருந்தேன். ஒண்ணும் ஆவல பாரு. நீ சொல்றதெல்லாம் சும்மா.”

உப்பு சரியாக இருந்ததா என்று இசைப்பிரியா கேட்டாள். இப்போதெல்லாம் வீட்டில் உப்பைக் குறைத்துத்தான் போடுகிறாள் என்று அவர் குறைபட்டுக்கொண்டார். அதற்குமேல் இசைப்பிரியாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாத்திரையோடு உள்ளே வந்த கலியம்மாளுக்கு ஒரே பார்வையில் விஷயம் விளங்கிவிட்டது. கிழங்கை வடித்து வைத்த கதையை அவளே அவரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டாள்.

பஸ்ஸில் அவர் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். அத்தனை பதுங்கி எடுத்தது தனக்கென்றே வைத்ததுதான் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. தினமும் விடியலில் எழுந்து தனக்காக அவள் கிழங்கை வடித்திருக்கிறாள் என்பது வடக்குத்து வந்த பிறகுதான் உறைத்தது.

மறுநாள் அடுப்படிக்கு வந்து அரிவாள்மணையைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இவ்ளோ தடியா நறுக்கினா எப்டி எறங்கும்? குடு இப்டி.”

ஊறவைத்த தண்ணீரையும் அவரே கொல்லையில் கொட்டினார். மத்தியானம் முதல்முறையாக வறுவல் அவர் தட்டிலேயே வந்து விழுந்தது. இரண்டு வாய் தின்றுவிட்டு, முன்னே இருந்த ருசி இல்லையே என்றார்.

“பரவால்ல, தின்னுங்க” என்றாள் கலியம்மாள்.