நான்கு கார்பன்

உத்திரமேரூர் கல்யாண மண்டப வாசலில் ‘பொற்காலப் பொருட்கள்’ என்ற பேனரைப் பார்த்ததுமே செவ்வந்திக்கு எரிச்சலாக வந்தது. உள்ளே கேசட், பம்ப் ஸ்டவ், எண் சுழற்றும் போன் எல்லாவற்றையும் சிவப்புத் துணிமேல் அடுக்கி வைத்து, செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில், சாமந்தி மாலையோடு ஒரு தமிழ் டைப்ரைட்டர்.

வக்கீல் சத்யநாராயணனிடம் பதினெட்டு வருஷம் அவள் பத்திரம் அடித்த மிஷின் அது. ஓர் எழுத்து பிசகினால் போதும், நகல்களையும் சேர்த்துக் கிழித்து அவள் முகத்தில் எறிவார். அவர் செத்த பிறகு கம்ப்யூட்டர் வாங்கி, பஸ் ஸ்டாண்டு பக்கம் சொந்தக் கடை போட்ட பிறகுதான் அவளுக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

சிறப்பு விருந்தினராக அவளை அழைத்தவன் காவாந்தண்டலத்துத் தாமோதரன். சென்னையில் ஐடி வேலை. மைக்கைப் பிடித்து உருகினான்.

“அந்த டக் டக் சத்தம் இருக்கே, அது சங்கீதங்க்கா! இப்ப யாருக்கு அந்தப் பொறுமை கீது?”

செவ்வந்தி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீ உக்காரு தம்பி. ஒரு பக்கம் அடி.”

கூட்டம் கை தட்டியது. காட்சிக்கு வைத்திருந்த கார்பனில் நான்கை எடுத்து, ஐந்து தாள்களுக்கு இடையே செருகி, அவளே உருளையில் ஏற்றினாள். கிரயப் பத்திரம் ஒன்றை மனப்பாடமாகச் சொன்னாள். மூன்றாவது வார்த்தையில் அவன் தடுமாறி, அழிக்கும் பட்டனைத் தேடினான்.

அவள் தாள்களை உருவிக் கிழித்தாள். “மொதல்லேருந்து.”

எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த முறை அரை வரி வந்தது. கிழித்தாள். மூன்றாம் முறை எழுத்துக் கம்பிகள் பின்னிக்கொள்ள, பிரிக்கப்போனவனின் வெள்ளைச் சட்டையில் மை அப்பியது. கிழித்தாள். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

“போதுங்க்கா, பேஜாரா கீது.”

“அதுக்குள்ளயா? கைக்கொழந்தய வூட்ல உட்டுட்டு, ஒண்ணுக்குக் கூட போவாம அடிச்சிக்கினு இருந்தேன். சங்கீதம் இன்னா சங்கீதம்?”

“உங்கள கௌரவிக்கத்தாங்க்கா கூப்ட்டோம்...”

“மாலைய மிஷினுக்குத்தான போட்டுக்கீற?”

தாமோதரன் கைக்குட்டையால் சட்டையைத் தேய்த்தான். மை இன்னும் பரவியது. மேடையில் யாரோ பொன்னாடையைப் பாதி பிரித்துப் பிடித்தபடி, போர்த்துவதா வேண்டாமா என்று நின்றார்கள்.

செவ்வந்தி நேரே பந்திக்குப் போய் முதல் இலையில் உட்கார்ந்தாள். பக்கத்து இலைகளுக்கு யாரும் வரவில்லை. பரிமாறியவரை நிறுத்தி இன்னொரு வடை கேட்டு வாங்கினாள். நல்ல மொறுமொறுப்பு. அவசரப்படாமல் சாப்பிட்டாள்.