கொழும்பான் வருகிறான்

மாம்பழமே இல்லாத ஊரில் இரண்டு ஆண்கள் மாம்பழத்துக்காகச் சண்டை போட்டு நீங்கள் பார்த்ததுண்டா? நான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பார்த்தேன். இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடான எங்கள் லயத்துக் காம்பராவில், அடுப்புக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு பலகையைப் போட்டுக்கொண்டு எங்கள் அப்பா பத்திநாதனும் ஸ்கூல் மாஸ்டர் பாலச்சந்திரனும் உட்காருவார்கள். வெளியே பனி மூடிக் கிடக்கும். அந்தக் குளிருக்கு மாங்கன்று வைத்தால் இலைகூட ஒழுங்காக விடாது. தலவாக்கலைச் சந்தைக்கு எப்போதாவது வருவதும் நார்க்காய்தான். மிளகாய்த்தூளும் உப்பும் தொட்டுத் தின்பதற்கு மேல் அதற்கு யோக்கியதை கிடையாது.

மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். விலாட், அம்பலவி, செம்பாட்டான், வெள்ளைக்கொழும்பான் என்று விரல் மடக்கிக்கொண்டே வருவார். கட்டை விரலுக்கு வந்ததும் குரலை இறக்கி, சாமி பேரைச் சொல்வதுபோலக் கறுத்தக்கொழும்பான் என்பார். அதன் தோல் பழுத்த பிறகும் கரும்பச்சையாகத்தான் இருக்குமாம். தெரியாதவன் காய் என்று ஒதுக்கிவிட்டுப் போவானாம். வெட்டினால் உள்ளே செக்கச்செவேலென்று இருக்குமாம். சொல்லும்போதே அந்த மனுஷனுக்கு எச்சில் ஊறும். ஆனால் அவருக்கு ஊறியது பழத்துக்கு மட்டுமல்ல, விட்டுவந்த வீட்டுக்கும்தான் என்று எனக்குத் தெரியும்.

அப்பா விடுவாரா? எங்கள் மல்கோவாவுக்கு முன்னால் உங்கள் கொழும்பான் எல்லாம் தூசு என்பார். எங்கள் மல்கோவாவாம்! அப்பா பிறந்தது இதே தோட்டத்து ஆஸ்பத்திரியில். வளர்ந்ததும் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை பார்த்ததும் இதே மலையில். மல்கோவாவைக் கண்ணால் கண்டதில்லை. அவருடைய அப்பா திருச்சிப் பக்கம் ஏதோ ஒரு தோப்பைப் பற்றிச் சொன்ன கதையை வைத்துக்கொண்டுதான் இத்தனை வீராப்பு. இதை நான் அவர் முகத்துக்கு நேரேயே சொல்லிவிடுவேன். தின்னாவிட்டால் என்ன, நம்ம ஊருப் பழம்தானே என்பார். நம்ம ஊரு என்று அவர் சொல்வது இந்தியாவை. எப்போதோ இந்தியாவுக்கே போய்விடுகிறோம் என்று சர்க்காருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பாஸ்போர்ட் வருவதற்காக வருஷக்கணக்கில் காத்திருந்தவர் அவர்.

நான் ஐவி. பிள்ளைக்காம்பராவில் ஆயா. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பக்கத்திலேயே ஸ்கூல். இடைவேளைக்குச் சுடுதண்ணீர் கேட்டு மாஸ்டர் வருவார். தூங்கிய பிள்ளைகளை எழுப்பிவிடுவதாக நான் திட்டுவேன். திட்டு வாங்கத்தான் வந்தாரோ என்னவோ, சுடுதண்ணீர் ஆறிப்போகும் மட்டும் நிற்பார். சுற்றி வளைப்பானேன்? எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அவருக்கும் என்னைப் பிடித்திருந்தது. ஆனால் நான் சிலுவை கும்பிடும் வேதக்காரி, அதற்கு மேல் தோட்டத்துப் பிள்ளை. அவர் வீட்டில் இரண்டில் எதை முதலில் வெறுப்பார்கள் என்று அவருக்கே தெரியவில்லை.

எழுபத்தாறாம் வருஷம் சித்திரை லீவுக்கு ஊருக்குப் போகிற அன்று வாசலில் வந்து நின்றார். அன்றைக்கு நான் திட்டவில்லை.

"அம்மாவோட கதைக்கப் போறன் ஐவி. அவ ஓமெண்டு சொன்னா, கறுத்தக்கொழும்பான் வருகுதெண்டு ஆள் மூலம் சொல்லிவிடுவன். பழத்தோட நானும் வருவன். அதுவரைக்கும் பொறுத்திரும்."

கடிதம் வேண்டாம் என்று சொன்னது நான்தான். தோட்டத்துக்கு வரும் கடிதம் ஆபீஸ், கிளாக்கர், தப்பால்காரர் என்று எத்தனை கை மாறி வரும் என்பது எனக்குத் தெரியாதா? மாம்பழம் வருகிறது என்று யாராவது வந்து சொன்னால் ஊருக்கு அது மாம்பழம். எனக்கு மட்டும்தான் அது அவர். நல்ல யோசனை என்று அன்றைக்கு எனக்கு ஒரே சந்தோஷம்.

லீவு முடிந்தது. ஸ்கூல் திறந்தது. மாஸ்டர் வரவில்லை. மேலும் லீவு கேட்டு எழுதியிருப்பதாகப் பெரிய மாஸ்டர் சொன்னார். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் நான் பிள்ளைக்காம்பரா ஜன்னலில் நின்றேன். இறங்குகிறவர்களில் குடை பிடித்தவன் எல்லாம் அவர்போலவே இருந்தான். கையில் பால் போத்தல் இருக்கும், பிள்ளை கத்திக்கொண்டிருக்கும், நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படி ஓர் ஏக்கம். இதற்கு மேல் அதைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தானா பாஸ்போர்ட் வர வேண்டும்? வந்தது. ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை தலவாக்கலை ஸ்டேஷனில் கோச்சி ஏற வேண்டும், தலைமன்னாரில் கப்பல். அப்பா சந்தோஷத்தில் லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அம்மா சுகிர்தம் ட்ரங்குப் பெட்டியைக் கழுவிக் காயவைத்தாள். நான் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். செய்தி வந்துவிட்டால் நான் போக மாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லிவிடலாம். வராமல் என்னவென்று சொல்வது? மாம்பழத்துக்காகக் காத்திருக்கிறேன் என்றா?

செய்தி வந்தது. எப்படி வந்தது என்று கேளுங்கள்.

தலவாக்கலை பஜாரில் துரைராசா என்று ஒரு யாழ்ப்பாணத்து முதலாளி சுருட்டுக்கடை வைத்திருந்தார். மாஸ்டர் அவரிடம்தான் சொல்லியனுப்பியிருக்கிறார். துரைராசா அதை எங்கள் தப்பால்காரர் கந்தப்பனிடம் சொன்னார். கந்தப்பன் தினமும் தபால் பை எடுக்க டவுனுக்குப் போகிறவர், தங்கமான மனுஷன், ஆனால் கேட்டதைக் கேட்டபடி சொல்லத் தெரியாதவர். கண், காது, மூக்கு வைக்காமல் ஒரு சேதியை அவர் இறக்கியதே கிடையாது. என்னிடம் நேரே வந்திருந்தாலாவது பரவாயில்லை. பெரிய மனுஷத்தனமாக ஸ்டோருக்குப் போய் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பா அதை வாங்கிக்கொண்டு வந்தார்.

"மாஸ்டரு ஒனக்கு ஒரு மாப்புள பாத்திருக்காராம்மா. கொழும்புக்காரப் பையனாம். ஆளு கருப்பாம். வந்து பாக்குற வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லிவிட்டிருக்காரு."

நான் அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். ரொட்டி கருகுகிற வாசம் வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கொழும்புக்காரனா? அவர் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை, ஆகவே பாவம் பார்த்து என்னை வேறொருவன் தலையில் கட்டப் பார்க்கிறாரா? வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லித் தொலைக்கலாமே. தனக்குப் போக மிஞ்சியதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட நான் என்ன பழைய சோறா?

சாயங்காலத்துக்குள் சேதி மூன்று லயமும் சுற்றி வந்துவிட்டது. கொழும்புக்காரனுக்கு அதற்குள் கணக்கப்பிள்ளை வேலை கிடைத்து, கொட்டாஞ்சேனையில் வீடும் கட்டி, மீசையும் முளைத்துவிட்டது. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் கந்தப்பன் பெண்டாட்டி ராக்காயி என் கன்னத்தைக் கிள்ளி, கருப்பா இருந்தா என்னடி, கை நெறையச் சம்பளமாமே என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் குடத்தைப் போட்டுவிட்டு வந்தேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று அம்மா அடிக்கடி சொல்வாள். கருப்பு, கொழும்பு என்று இரண்டு சொல்லும் காதில் விழுந்தும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லையே.

அப்பா பாவம், என்னிடம் கேட்கத்தான் செய்தார். நல்ல இடமென்றால் இரண்டொரு மாதம் பிந்திப் போகலாம், எழுதிக் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். எந்தக் கொழும்புக்காரனும் எனக்கு வேண்டாம், நான் இந்தியாவுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. அன்றைக்கே தன் வேட்டிக்கு மேல் என் சேலைகளை மடித்து ட்ரங்குப் பெட்டியில் வைத்தார். அரிசிக் கூப்பன் புத்தகங்களை ஆபீசில் கொடுத்தோம். சம்பளம் போடும் செக்ரோலில் எங்கள் பெயரை வெட்டினார்கள். நான் ஜன்னலில் நிற்பதை விட்டுவிட்டேன், ஆனால் பஸ் சத்தம் கேட்டால் நெஞ்சு அதுபாட்டுக்கு அடித்துக்கொண்டது. வெட்கம்கெட்ட நெஞ்சு.

வியாழக்கிழமை தோட்டத்து லொறியில் ஸ்டேஷனுக்குப் போனோம். அந்தக் கோச்சிக்கு எங்கள் மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. போகிறவர்களும் விட வந்தவர்களும் கழுத்தைக் கட்டிக்கொண்டு, செத்த வீட்டில் வைப்பதுபோல ஒப்பாரி வைப்பார்கள். அக்காள் ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம் என்று குடும்பங்கள் அப்படிப் பிய்ந்து கிடந்தன. அப்போதாவது கப்பல் ஓடியது, நினைத்தால் ஒரு நாள் போய் வரலாம் என்று ஒரு நைப்பாசை இருந்தது. இப்போது நாட்டில் சண்டை வந்து கப்பலும் நின்றுபோயிற்று.

பெட்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டோம். கந்தப்பனும் ராக்காயியும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அப்போது கூட்டத்தை இடித்துக்கொண்டு சுருட்டுக்கடைத் துரைராசா வந்தார். தலையில் ஒரு பனையோலைக் கடகம். மேலே வைக்கோல் மூடியிருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே ஜன்னலுக்குள் நீட்டினார்.

"பிள்ளை, பாலச்சந்திரன் மாஸ்டர் உமக்கெண்டு முதல் அனுப்பின பழம். ஆள் சனிக்கிழமை வாறார். கறுத்தக்கொழும்பான் வருகுது, பொறுத்திருக்கச் சொல்லு எண்டு கந்தப்பனிட்டச் சொல்லிவிட்டனானே. நீர் என்ன கோச்சியில இருக்கிறீர்?"

வைக்கோலை விலக்கினேன். கரும்பச்சைத் தோல். வாசம் பெட்டி முழுக்க எழுந்தது. அழுதுகொண்டிருந்த எதிர்சீட்டுக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஜன்னல் வழியாகக் கந்தப்பனின் சட்டையைப் பிடித்து இழுத்து, என்னவென்று சொன்னீர்கள் எங்கள் அப்பாவிடம் என்று கத்தினேன். அந்த மனுஷன் கடகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கண்டியான்னா கண்டிக்காரன். கொழும்பான்னா கொழும்புக்காரன் இல்லியா தாயி? மாங்காய்க்கா இப்படிப் பேரு வப்பாங்க?"

சிரிக்கிறதா, அவரை அறைகிறதா என்று தெரியவில்லை. அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சண்டையெல்லாம் யாருக்காக நடந்தது என்பது அந்த நிமிஷத்தில்தான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். முகம் அப்படியே சுருங்கிப் போயிற்று. எத்தனை வருஷமாக ஆசைப்பட்ட பயணம்! அம்மாவையும் என்னையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, எல்லாரும் வந்தாச்சா என்று அப்போதுதான் தொட்டுப் பார்த்திருந்தார்.

கார்ட் விசில் ஊதினான். அம்மா சீட்டுக்கடியிலிருந்து ட்ரங்குப் பெட்டியை இழுத்து, கயிற்றை அவிழ்த்து, என் சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து என் மடியில் வைத்தாள். பாஸ்போர்ட்டில் நானும் இருக்கிறேனே, தலைமன்னாரில் கேட்பார்களே என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை. அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்து, எம்புள்ளையப் பாத்துக்க கந்தப்பா என்றார். எங்க வூட்டுப் புள்ளை மாதிரி இருக்கும் அண்ணே என்று ராக்காயி முந்திக்கொண்டாள். அப்பா கடகத்திலிருந்து ஒரே ஒரு பழத்தை எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டார். பிறகு என் தலையில் கை வைத்தார்.

"எறங்கும்மா. எறங்கிட்டு அழுவாத. இங்க எல்லாரும் அழுவுறாங்க, ஒஞ் சத்தம் எனக்குத் தனியாக் கேக்காது."

இறங்கினேன். கையில் கடகம், தோளில் நான்கு சேலை. கோச்சி நகர்ந்தது. நான் அழவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். பெட்டிக்குப் பெட்டி ஒப்பாரி கடந்து போனது. அத்தனை குரலில் என் அம்மாவின் குரல் எது, அப்பாவின் குரல் எது என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

சனிக்கிழமை மாஸ்டர் வந்தார். மெலிந்து, தாடி வைத்து, இன்னொரு கடகத்தோடு கந்தப்பன் வீட்டு வாசலில் வந்து நின்றார். தன் அம்மா எத்தனை நாள் சாப்பிடாமல் கிடந்தார், கடைசியில் எப்படித் தலையாட்டினார் என்று சொல்லத் தொடங்கினார். ஒன்றும் என் மண்டையில் ஏறவில்லை. இப்ப அவங்க எங்க இருப்பாங்க என்று கேட்டேன். யார் என்று அவர் கேட்கவில்லை. கடகத்தைக் கீழே இறக்கி வைத்தார்.

"கடலுக்கு அங்கால இறங்கியிருப்பினம், ஐவி."

அப்போதுதான் அழுதேன். யாருக்காக இரண்டு மாதம் ரோட்டைப் பார்த்துக் கண் பூத்துப் போனேனோ அவர் என் எதிரே நின்றுகொண்டிருந்தார், கையை நீட்டினால் தொடலாம். என் கண்ணோ அவரைத் தாண்டி, அவருக்குப் பின்னால் வேறு யாராவது படியேறி வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தது.