அடைத்த சன்னல்

சரண்யா குழாயைத் திருப்பினாள். கீசர் டிக் டிக் என்றது. நெருப்பு பற்றிக்கொண்டது. கீசரின் முகப்பில் இருந்த சின்னக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். மஞ்சளாக எரிந்தது.

கல்யாணமாகி தி. நகருக்கு வந்த புதிதில் அது நீலமாக எரிந்தது. பழைய கட்டடம். மின்சார ஹீட்டர் போட்டால் வயர் தாங்காது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அதனால் கேஸ் கீசர். சுவருக்கு வெளியே மாட்ட இடமில்லை என்று குளியலறைக்குள்ளேயே மாட்டியிருந்தார்கள். அப்போது சன்னல் திறந்திருந்தது.

இப்போது சன்னல் இருந்த இடத்தில் பலகை. பலகையின் மேல் மாமனாரின் துணிக்கடையில் கிழித்துப் போட்ட ஆடித் தள்ளுபடி பேனர். பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண்ணின் பாதி முகம் அதில் சிரித்துக்கொண்டிருந்தது. ஓரங்களில் பார்சல் ஒட்டும் டேப்.

அது புரட்டாசியில் நடந்தது. சந்துக்கு அந்தப் பக்கம் எதிர்க் கட்டடம் கை நீட்டினால் தொடும் தூரம். ஒரு நாள் காலை, சன்னலின் கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவே ஒரு செல்போனின் மூலை தெரிந்தது. அதைப் பிடித்திருந்த விரல்களும் தெரிந்தன. சரண்யா துணியைச் சுற்றிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். மாமியார் புஷ்பத்திடம் சொன்னாள்.

புஷ்பம் முதலில் வாசல் கதவைச் சாத்தினாள்.

"மெதுவாப் பேசு. யாரு, கல்யாணப் பத்திரிகை அடிக்கானே, அவனா?"

"ஆமா அத்த."

"வெளிய தெரிஞ்சா அவனுக்கு ஒண்ணும் ஆவாது. ஒன் பேருதான் கெடும். வாய மூடிக்கிட்டு இரி."

கணவன் சக்திவேல் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டான்.

"நீ எதுக்கு லைட்டப் போட்டுக் குளிச்ச?"

மாமனார் அய்யாதுரை மாலையில் பலகையும் ஆணியும் கொண்டுவந்தார். மறுநாள் தெருவில் எதிர்வீட்டுக்காரனைப் பார்த்தபோது வழக்கம்போல வணக்கம் சொன்னார். அவனும் சொன்னான்.

ஐப்பசி மழை தொடங்கியது. எல்லாருக்கும் வெந்நீர் வேண்டியிருந்தது. ஆண்கள் அவசரமாகக் குளித்துவிட்டுக் கடைக்குப் போனார்கள். பிறகு புஷ்பம். கடைசியில் சரண்யா. அவள் போகும்போது அந்த அறையின் காற்று மூன்று பேருக்காக எரிந்து முடிந்திருக்கும். அவள் அங்கேயே உட்கார்ந்து துணியும் துவைத்தாள்.

தலை வலித்தது. குமட்டியது. வெளியே வந்ததும் வாஷ்பேசினில் வாந்தி எடுத்தாள்.

புஷ்பம் அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். அவள் முகம் மலர்ந்தது.

"எத்தன நாளா ஏட்டி?"

"நாலஞ்சு நாளா அத்த."

"காலையில மட்டுமா?"

"ஆமா."

புஷ்பம் சாமி படத்தின் முன்னால் போய் நின்றாள். வடபழனி முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். அன்றிலிருந்து சரண்யாவுக்குத் தோசை சுட்டுத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். கனமான வாளியைத் தூக்க விடாமல் உட்காரச் சொன்னாள். நல்லா வெந்நீரில் குளி, உடம்புவலி போகும் என்றாள்.

சரண்யா மருந்துக்கடையில் கர்ப்பம் பார்க்கும் பட்டை வாங்கிப் பார்த்தாள். ஒற்றைக் கோடுதான் வந்தது; கர்ப்பம் இல்லை. அதைக் காகிதத்தில் சுருட்டி எறிந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அவளை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது தலைவலி போய்விடுகிறது. அதை அவள் கவனித்திருந்தாள். கீசருக்கு மேலே சுவரில் கரி படிவதையும் கவனித்தாள்.

"கீசர் மஞ்சளா எரியுது. ஆளக் கூப்பிட்டுப் பாக்கச் சொல்லுங்க" என்றாள் கணவனிடம்.

"வெந்நி வருதுல்லா?"

"வருது."

"பொறவென்ன?"

மாமியாரிடம் கேட்டாள்.

"அத்த, பலகைய எடுத்திருவமா? உள்ள மூச்சு முட்டுது."

"மாசமா இருந்தா முட்டத்தான் செய்யும்."

"கொஞ்சூண்டு தொறந்தாக் கூடப் போதும்."

"அவன் மறுபடி பாக்கணுமாக்கும்?"

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கரியைத் துணியால் துடைத்தாள்.

வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துத் தலை முழுகப் போனாள். சீயக்காயைக் கரைத்தாள். குழாயைத் திறந்தாள். பேனரில் இருந்த பாதி முகம் இரண்டானது. எழுந்து கதவைத் திறக்கலாம் என்று நினைத்தாள். கால் எழவில்லை. தாழ்ப்பாள் கண்ணுக்கு எதிரே இருந்தது. கை அதுவரை போகவில்லை.

வெளியே புஷ்பம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் ஒரே மாதிரி கேட்டது. மொள்ளும் சத்தம் இல்லை.

"சரண்யா."

பதில் இல்லை. தட்டினாள். கத்தினாள். கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அய்யாதுரை ஓடிவந்தார். கதவில் கை வைத்தவர், கையை எடுத்துக்கொண்டார்.

"உள்ள துணியில்லாம கெடப்பாளே. சக்திவேலக் கூப்பிடு."

"அவன் கடையில இருக்கான். வரதுக்குள்ள என்ன ஆவும்?"

"மருமகளாச்சே. நான் எப்படி…"

அவர் நின்றார். தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. தண்ணீர் விழும்வரை உள்ளே நெருப்பும் எரியும். அது இருவருக்கும் தோன்றவில்லை.

புஷ்பம் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"கண்ண மூடிக்கிட்டுக் கதவ உடையும்."

அய்யாதுரை கண்ணை மூடினார். தோளால் மோதினார். பிளாஸ்டிக் கதவு இரண்டாவது மோதலில் விட்டது. அவர் கண்ணைத் திறக்காமலே சுவரைத் தடவித் திரும்பி நின்றார். புஷ்பம் உள்ளே போய்க் குழாயை மூடினாள். ஒரு சேலையைப் போர்த்தி மருமகளைக் கூடத்துக்கு இழுத்துவந்தாள். அவளுக்கே தலை சுற்றியது.

ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். சரண்யா கண் திறக்க மதியமானது. டாக்டரம்மா கட்டிலருகே வந்தார்.

"கர்ப்பமா?"

"ஆமா" என்றாள் புஷ்பம்.

சரண்யா மாஸ்க்கை விலக்கினாள். "இல்ல."

டாக்டரம்மா இருவரையும் பார்த்தார்.

"காத்து பத்தாம கேஸ் எரிஞ்சா ஒரு விஷ வாயு வரும். வாசனை இருக்காது, கண்ணுக்கும் தெரியாது. தலைவலி, வாந்தி, மயக்கம் எல்லாம் அதனாலதான். குளியல் ரூம்ல சன்னலே இல்லையா?"

புஷ்பம் தலை குனிந்துகொண்டாள்.

சரண்யா வீட்டுக்கு வந்த மறுநாள் கீசரைக் கழற்ற மெக்கானிக் அஃப்தாப் வந்தான். அய்யாதுரையும் சக்திவேலும் குளியலறை வாசலில் நின்றார்கள். அஃப்தாப் கீசரின் மூடியைத் திறந்தான். உள்ளே கரி அப்பியிருந்தது.

"இத்த உள்ளார மாட்டவே கூடாது சார். வெளிய மாட்டி, பைப்புல தண்ணிய உள்ள கொண்டாரணும். வருசா வருசம் சர்வீஸ் பண்ணணும். நீலமாத்தான் எரியணும். மஞ்சளாச்சுன்னா அன்னைக்கே நிறுத்திட்டு ஆளக் கூப்டணும். யாரும் பாக்கலியா?"

சக்திவேல் தரையைப் பார்த்தான்.

"அது இன்னா சார், சன்னல்ல பலக கீது?"

"கொசு" என்றார் அய்யாதுரை.

கூடத்தில் படுத்திருந்த சரண்யா எழுந்து வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கொசு இல்ல மாமா. எதுத்த வீட்டுக்காரன். நான் குளிக்கத செல்போன்ல எடுத்தான்."

"வெளியாள் முன்னால எதுக்கு…" என்றான் சக்திவேல்.

"கதவ உடைக்கும்போது மாமா கண்ண மூடிக்கிட்டாவன்னு அத்த சொன்னாவ. நெனச்சா மூட முடியுது. அவன மூடச் சொல்ல ஒருத்தரும் இல்ல. என்னைய உள்ள வச்சு அடைச்சிட்டிய."

அஃப்தாப் ஸ்பேனரைத் தேடுவதுபோலப் பைக்குள் குனிந்தான்.

புஷ்பம் அடுப்படியிலிருந்து தோசைக்கரண்டியோடு வந்தாள். அதைப் பலகைக்கு இடையில் செருகி நெம்பினாள். டேப் கிழிந்தது. ஆணிகள் ஒவ்வொன்றாக வந்தன. பேனர் தரையில் விழுந்தது. ஈரக்காற்று உள்ளே வந்தது.

எதிர்ச் சன்னலில் ஓர் உருவம் அசைந்தது.

"எய்யா, பத்திரிகை அடிக்கவரே" என்று புஷ்பம் கூப்பிட்டாள். சாதாரணக் குரல்தான். ஆனால் அந்தச் சந்தில் எல்லா வீட்டுக்கும் கேட்டது. "செல்போன வச்சுக்கிட்டு எங்க வீட்டுப் பொம்பள குளிக்கதப் பாத்தீரே, ஒம்ம சன்னல மூடும். எங்களுக்குக் காத்து வேணும்."

மேல்மாடியில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். எதிர்ச் சன்னல் மூடிக்கொண்டது.

புஷ்பம் அய்யாதுரை பக்கம் திரும்பினாள்.

"தப்பு செஞ்சவன் சன்னலத் தொறந்து வச்சிருந்தான். நாம மானம் போயிரும்னு நம்ம புள்ள மூச்ச அடைச்சோம். அடைக்க வேண்டியது அவனத்தான்."

சரண்யா உள்ளே வந்து சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் மறுபடி தொறந்தா அத்த?"

"அவன் தொறக்குத வரைக்கும் நாம எதுக்குக் காத்திருக்கணும்? சேலைய மாத்து. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவோம். நானும் வாரேன்."